மயிலாத்தாளின் கண் பட்ட தழை

மயிலாத்தாளின் வயிற்றெரிச்சலால் மரம் துளிர்க்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவை தமயந்தியின் ஆடுகள். மனிதர்களுக்கு அது தெரியவர இன்னும் ஒன்பது நாள் ஆனது. மழை பொய்த்த இரண்டாம் வருசத்து மாசி மாதம் அது. தாராபுரத்துக்கு மேற்கே வேலாங்காட்டுப்புதூர் என்கிற அந்த ஊரில் கொழுக்கட்டைப்புல் வேரோடு கருகி, கிளுவை வேலி வெறும் முள்ளாக நின்று, வெள்ளாடுகள் சுவரில் ஒட்டியிருந்த சினிமா நோட்டீஸைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன. அந்த நேரத்தில் மயிலாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் காட்டுக்கும் தமயந்தி காட்டுக்கும் எல்லையாக இருந்த பொழி வரப்பில் வந்து நின்றால் போதும், தமயந்தியின் ஆடுகள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து, மொட்டையாக நின்ற கல்யாண முருங்கை மரங்களுக்கு அடியில் வரிசை கட்டி, தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டு காத்திருக்கும். சற்று நேரத்தில் தழை வரும்.

மயிலாத்தாளும் தமயந்தியும் ஓரகத்திகள். அண்ணன் நாச்சிமுத்துவுக்கு மயிலாத்தாள் வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு வருசம் கழித்துத் தம்பி அர்த்தநாரிக்குத் தமயந்தி வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த அன்றைக்கே அந்தப் பெயர் மயிலாத்தாளை உறுத்தியது. தனக்குப் பாட்டன் வீட்டுக் கிழவியின் பெயரைத் தூக்கி வைத்தவர்கள், இன்னொருத்திக்கு மட்டும் புராணத்து ராசாத்தி பெயரை வைத்திருக்கிறார்களே என்று ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டே நினைத்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக உறுத்திக்கொண்டே வந்தது. தமயந்தி வார்த்த தோசை கல்லில் ஒட்டாமல் வந்தது, தமயந்தி உறை ஊற்றிய தயிர் கட்டியாக நின்றது, தமயந்தியின் ஆடு ஈன்றால் இரண்டுக்குக் குறையவில்லை, சண்டைக்கு வந்தவர்கள்கூடத் தமயந்தி சிரித்த சிரிப்பில் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மயிலாத்தாளின் ஒரே மகன் நவநீதன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சித்தி வீட்டுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசினான். கடைசியில், "அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க சித்தி" என்று வைத்துவிடுவான். தமயந்தியும் அதை ஒரு வார்த்தை குறையாமல் வந்து சொல்லுவாள், சிரித்துக்கொண்டே.

மரங்களுக்கும் ஒரு கதை உண்டு. சொத்துப் பிரித்தபோது புல்லும் வேலாமரமுமாகக் கிடந்த மேய்ச்சல் காடு நடுவில் பொழி போட்டு இரண்டாகியது. ஆளுக்கொரு ஆட்டுப்பட்டி அமைந்ததும், தமயந்தி தன் பிறந்த வீட்டிலிருந்து இருபத்தெட்டுக் கல்யாண முருங்கைப் போத்துகளை வெட்டி டிராக்டரில் கொண்டுவந்தாள். கை தடிமனுள்ள கிளையை ஆள் உயரத்துக்கு நறுக்கி நடுவதுதான் போத்து. அடிமுனையைச் சாய்வாக வெட்டி, மேல்முனையில் சாணியை உருட்டி அப்பி, தலை எது கால் எது என்று மாறிப்போகாமலிருக்கத் தலைப்பக்கம் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, பால் வற்ற மூன்று நாள் நிழலில் சாத்தி வைக்க வேண்டும். தமயந்தி பதினாலு பதினாலாக இரண்டு கட்டுக் கட்டி, "இது உங்குளுதுங்கக்கா, இது எங்குளுது" என்று காட்டிவிட்டு மாவு அரைக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் மயிலாத்தாள் யோசித்தாள். பிறந்த வீட்டுப் போத்தில் நல்லதைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் எவளாவது ஓரகத்திக்குக் கொடுப்பாளா? சாணி காயாத அந்த இரண்டு கட்டுகளையும் அவள் இடம் மாற்றி வைத்தாள். நட்டு முடித்த பிறகுதான் தமயந்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பெருங்கட்டையா இருக்கறதெல்லாம் உங்க கட்டுலதானுங்கக்கா வெச்சேன், எப்பிடி எங்க பக்கம் வந்து நிக்குது?" என்றாள். கேட்டுவிட்டு அதற்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மயிலாத்தாளால் இரண்டு வருசமாகியும் செரிக்க முடியவில்லை.

அப்படியாக, பொழிக்கு அந்தப் பக்கம் பதினாலு தடி மரம், இந்தப் பக்கம் பதினாலு நோஞ்சான் மரம். மாசி வந்ததும் இரண்டு பக்கமும் இலை கொட்டிவிட்டது. அந்த மாசியில்தான் தமயந்தியின் கருப்பு ஆடு மூன்று குட்டி போட்டது, மூன்றும் பெட்டை. சேதி கேட்டு மயிலாத்தாள் பொழிக்கு வந்தாள். ஈன்ற ஆட்டையும் பார்த்தாள், தட்டுத் தடுமாறி நின்ற குட்டிகளையும் பார்த்தாள், பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தப் பதினாலு தடி மரங்களையும் பார்த்தாள். ஈரக்குலை வரைக்கும் எரிந்தது. பட்டுப்போங்கள் என்று மனதுக்குள் சொன்னதாக அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டாள். அவள் பார்க்கப் பார்க்க முதல் மரத்தின் கணுவில் பச்சையாக ஒரு பொட்டு வந்தது, பிறகு அடுத்த கணுவில் வந்தது, வெயில் சாயும்போது பதினாலு மரத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு மும்மூன்று இலையாகத் தழைத்துத் தொங்கியது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கையில் இவளுக்கு மட்டும் மரம் துளிர்க்கிறதே என்று மயிலாத்தாளுக்கு இன்னும் எரிந்தது, இன்னும் துளிர்த்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தாள், மத்தியானம் வந்து பார்த்தாள், பொழுது சாய வந்து பார்த்தாள். ஒன்பது நாளும் எரிச்சல் குறையவில்லை, தழையும் குறையவில்லை.

பத்தாம் நாள் அர்த்தநாரி இதைக் கவனித்தான். அவன் பேச்சுக் குறைவான ஆள், ஆனால் ஆடுகள் எதைப் பார்க்கின்றனவோ அதைப் பார்க்கிறவன். அண்ணன் பெண்டாட்டி பொழியில் வந்து நின்றதும் ஆடுகள் ஓடின, ஆடுகள் ஓடியதும் மரம் துளிர்த்தது. சாயங்காலம் பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு, நேற்றுப் பெய்யாத மழையைப் பற்றிச் சொல்வதுபோலவே இதையும் சொன்னான். யாரும் வாயைப் பிளக்கவில்லை. மயிலாத்தாளின் கண் எப்பேர்ப்பட்ட கண் என்று ஊருக்கு முன்பே தெரியும், அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதுதான் தெரியாது. அவர்கள் பேசியதெல்லாம் அடுத்து யார் காடு என்பதைப் பற்றித்தான். சொசைட்டி எழுத்தர் சென்னியப்பன் பால் சீட்டின் பின்பக்கத்திலேயே வரிசை எழுதினார். கிழக்கே இருந்து ஆரம்பிக்கலாம், ஒரு நாளைக்கு மூன்று காடு, செவ்வாய்க்கிழமை அந்தம்மாவுக்கு ஓய்வு.

எழுதுவது சுலபம். ஒருத்தியிடம் போய் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படு என்று எப்படிக் கேட்பது? கடைசியில் அர்த்தநாரியையே பிடித்துத் தள்ளினார்கள். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, தப்பா நெனைக்காதீங்க. ஊருல நாலு பேரு வந்திருக்கறாங்க" என்றான்.

"எதுக்கு? கெரகம் புடிச்சவ கண்ணு போடறாள்னு பஞ்சாயத்துப் பண்ணவா?"

"அதில்லீங். நீங்க கண்ணு போட்டாத் தழை வருது. எங்க காட்டு மரத்தையும் கொஞ்சம் வந்து பாத்தீங்கன்னா..."

சென்னியப்பன் முன்னால் வந்து, "சும்மா பாத்தாப் போதாதுங்கம்மிணி, மனசார வயிறு எரிஞ்சு பாக்கோணும்" என்றார் பணிவாக.

மயிலாத்தாள் அவர்களை வெளக்குமாற்றால் அடித்திருப்பாள். ஆனால் எட்டுப் பேர் தன் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. யார் வந்தாலும் நேரே தமயந்தி வாசலுக்குத்தான் போவார்கள். அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எட்டுப் பேரும் குடித்தார்கள். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு கிழக்குக் காட்டுக்குப் புறப்பட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் மாறிப்போனது. முதல் காரியமாகக் காட்டு வாசல்களில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காய்களை எல்லோரும் அவிழ்த்து எறிந்தார்கள். படிகாரமும் கருப்புக் கயிறும் விற்ற கடைக்காரர் கடையை மூடிவிட்டு இளநீர் விற்கப் போனார். மயிலாத்தாள் வருகிறாள் என்றால் புதுச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் ஒளித்த பெண்கள், இப்போது பெட்டியோடு கொண்டுவந்து மரத்தடியில் பிரித்து வைத்தார்கள். அவள் உட்கார ஒரு நாற்காலி, குடிக்க ஒரு டம்ளர் காப்பி, பிறகு ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இதுங்கம்மிணி, மருமகளுக்குப் போட்ட அட்டிகை. இதுங்க, மகனுக்கு வந்த மின்சார வாரிய ஆர்டர். இதுங்க, புது வீட்டுப் போட்டோ, மேலே தண்ணித்தொட்டிகூட இருக்குது பாருங்க. அவள் பார்ப்பாள், மூச்சை இழுத்து விடுவாள், மரம் பச்சை கட்டும். எதற்கு எப்படித் தழை வரும் என்பதும் சில வாரங்களில் எல்லோருக்கும் அத்துப்படியானது. நகைக்கு வந்த தழை சீக்கிரம் பழுத்தது, வீட்டுக்கு வந்தது முரடாக இருந்தது, மருமகள் மாமியாருக்குத் தலை வாரிவிடுவதைப் பார்த்து வந்த தழைதான் வெண்ணெய் மாதிரி இருந்தது. அதனால் பல வீடுகளில் மருமகள்கள் மரத்தடிக்குச் சீப்போடு வந்தார்கள். வெறும் நடிப்பாக இருந்தால் மரம் அசையவில்லை. எந்த வீட்டில் எப்படி என்று இதனால் ஊருக்குத் தெரிந்துபோய், அதனால் வந்த சண்டைகள் தனி.

ஊர்க் கோடியில் வீரம்மா என்று ஒருத்தி இருந்தாள், இரண்டு ஆடும் ஒற்றை மரமும்தான் அவளுக்குச் சொத்து. காட்டுவதற்கு ஒன்றுமில்லை. "நான் என்னத்தம்மிணி காட்டறது, பாயில தலைய வெச்சா வெடிஞ்சுதான் எந்திரிப்பேன், அது ஒண்ணுதான்" என்று அவள் கூச்சத்தோடு சொல்ல, பதினைந்து வருசமாக ராத்திரியில் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிற மயிலாத்தாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒற்றை மரம் அன்றைக்குத் தழைத்த தழையை இரண்டு ஆடும் ஒரு வாரம் தின்றும் தீரவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து, ஊரில் வெள்ளாடு எல்லாம் தொடை கொழுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன தீவனம் என்று கேட்டார். "மயிலாத்தா தழைங்" என்றார்கள். அவர் அது ஏதோ புதிய ரகம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போனார்.

இப்படி ஊரே தழைத்துக் கிடக்க, மயிலாத்தாளின் பட்டியில் மட்டும் பதினெட்டு ஆடுகள் பட்டினி கிடந்தன.

தன் மரத்தைத் தானே பார்த்துப் பொறாமைப்பட ஒருத்தியால் ஆகாது. அவள் முயன்று பார்க்காமல் இல்லை. காலையில் எழுந்ததும் தன்னுடைய பதினாலு நோஞ்சான் மரங்களுக்கு முன்னால் நின்று முறைப்பாள். அவை குச்சி குச்சியாக அவளைத் திருப்பிப் பார்க்கும். சரி, ஊரார் நன்றிக்குக் கொடுத்த தழைக் கட்டுகள் இருக்கின்றனவே, அதைப் போடலாம் என்று பட்டியில் கயிறு கட்டி ஆள் மார்பு உயரத்துக்குத் தொங்கவிட்டாள். முன்னங்காலைத் தூக்கி எக்கித் தின்றால்தான் வெள்ளாட்டுக்குத் தின்ற திருப்தி. அவளுடைய ஆடுகள் எக்கின, முகர்ந்தன, தும்மிவிட்டுக் காலை இறக்கிக்கொண்டன. வேறொரு காட்டுத் தழையை வைத்தாள், அதையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. உப்புத் தண்ணீர் தெளித்தாள், வெல்லம் கரைத்துத் தடவினாள், சோளத்தட்டோடு கலந்து வைத்தாள், ஆடுகள் சோளத்தட்டைத் தின்றுவிட்டுத் தழையை ஒதுக்கின. அவளுடைய எரிச்சலில் விளைந்த எதையும் அவளுடைய ஆடுகள் வாயில் வைக்கவில்லை. அமராவதி வாய்க்கால் பக்கம் போய் நாச்சிமுத்து சைக்கிளில் கொண்டுவந்த பச்சை, ஒரு வேளைக்குக்கூடப் பத்தவில்லை.

வைகாசியில் பதினெட்டு பதினொன்றாகியது. வியாபாரி வந்து கேட்டான். மயிலாத்தாள் விற்க மாட்டேன் என்றாள். ஒவ்வொன்றும் அவள் கையில் பிறந்தது, அவள் குரலுக்குத் திரும்புவது. நவநீதன் பள்ளிக்கூடம் போகும்போது தூக்கி வளர்த்த வெள்ளைச்சி என்கிற ஆட்டின் வழியில் வந்த குட்டிகள் அவை. அவை போய்விட்டால் காலையில் எழுந்து யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதோடு, விற்றால் வியாபாரி நேரே பொழி தாண்டிப் போய்த் தமயந்தியிடம் விற்பான், அங்கே போய் அவை கொழுக்கும், அதையும் இவள் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தன் கண்ணுக்குத் துளிர்க்கிற மரம் இன்னொருத்தர் கண்ணுக்கு ஏன் துளிர்க்காது? யாராவது அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் போதும். அவள் சொசைட்டிக்குப் போய், பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

"மூணு மாசமா உங்களுக்கெல்லாம் நான் எரிஞ்சேன். ஒரே ஒரு நாளு எனக்காக நீங்க எரியுங்க."

ஊர் நன்றி கெட்ட ஊர் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகாமல், எழுபது எண்பது பேர் குளித்து முழுகி மயிலாத்தாளின் காட்டுக்கு வந்தார்கள். அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் மரத்தடியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். கல்யாணச் சேலை, ஒரு ஜோடித் தோடு, மாமனார் கொடுத்த பித்தளை அண்டா, நவநீதன் ஏழாவதில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சோப்பு டப்பா, பக்கத்தில் புருசன் நாச்சிமுத்து, சட்டை போட்டுக்கொண்டு. ஊர் முழுக்க அதைப் பார்த்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள், மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். சென்னியப்பன், "நல்லா நெனைச்சுப் பாருங்கப்பா, இந்தம்மாகிட்ட இருக்கறது நம்மகிட்ட என்ன இல்ல?" என்று எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் மும்முரமாக யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க ஒவ்வொரு முகமும் இளகிக்கொண்டே வந்தது. பூமி சூடேறி, காலை மாற்றி மாற்றி நின்று, நடுமத்தியானம் ஆகியும் ஒரு கணுவில்கூடப் பச்சை வரவில்லை. கடைசியில் வீரம்மா, தன்னை மறந்து, "பாவம்" என்றாள். அந்தப் பதினாலு மரங்களில் ஒன்றின் உச்சியில் மிச்சமிருந்த இரண்டு பழுத்த இலையும் அப்போது உதிர்ந்தது.

ஊர் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தது. மயிலாத்தாள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எண்பது ஜோடிக் கண் தேடியும் தன்னிடத்தில் ஆசைப்பட ஒரு துரும்பு அகப்படவில்லை என்கிற எண்ணம் முள்ளாகக் குத்தியது. இத்தனை காலம் பிறத்தியாரைப் பார்த்து எரிந்தபோது எங்கேயோ ஒரு மூலையில், எவளாவது ஒருத்தி நம்மையும் பார்த்து எரிகிறாள் என்று அவள் நம்பியிருந்தாள் போல. அது இல்லை என்று ஊர் கூடி நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வராத ஒரே ஆள் தமயந்தி. மயிலாத்தாள் அதை அப்போதே கவனித்திருந்தாள். அவள் எப்படி வருவாள், வந்து எதைப் பார்ப்பாள் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். தமயந்தியின் கண் ஒன்றுக்கும் ஏங்காத கண், அதுதான் அவளிடத்தில் தாங்க முடியாதது.

பதினொன்று ஏழாயிற்று. மிஞ்சிய ஏழில் வெள்ளைச்சியின் பேத்தி ஒன்று, நிற்க முடியாமல் பட்டிப் படலில் சாய்ந்துகொண்டது. நாச்சிமுத்து அதன் தாடையைப் பிடித்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டே, நிமிராமல், "தமயந்தியக் கூப்புடு" என்றார். சொத்துப் பிரித்த பிறகு அவர் தம்பி வீட்டைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. மயிலாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு பொழிக்குப் போனாள்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தமயந்தி மரத்தில் தழை அறுத்துவிட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினாலு மரத்தையும் ஒட்ட மொட்டை அடித்திருந்தாள். மயிலாத்தாளைக் கண்டதும் அவளுடைய ஆடுகள் எழுந்து மரத்தடிக்கு ஓடின.

"அறுத்துட்டேனுங்கக்கா, இன்னைக்கு எரியறதுன்னா எரிஞ்சுக்குங்க" என்று சிரித்தாள்.

"வெள்ளிக்கெழமை நீ ஏன் வரல?"

தமயந்தி அரிவாளைக் கீழே வைத்தாள்.

"வேலை இருந்துச்சுங்."

"ஊருக்கே வேலை இருந்துச்சு. அத்தனை பேரும் வந்தாங்க. நீ ஒருத்தி வந்து நின்னிருந்தா என்ன கொறைஞ்சு போகும்?"

"வேண்டாமுங்கக்கா. உடுங்க."

"எனக்கு ஏழு ஆடுதான் நிக்குது. அதுல ஒண்ணு பொழுதுக்குத் தாங்காது. உங்கிட்ட ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன், வந்து பாரு."

"நான் வந்தா..." என்று ஆரம்பித்துத் தமயந்தி நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது எப்படி அங்கே நிற்கிறது என்று அவளுக்கே தெரியாததுபோல் இருந்தது. "நான் வந்தாத் தெரிஞ்சு போயிருமுங்கக்கா. ஊருக்கு முன்னால தெரிய வேண்டாம்னுதான் வரல."

"என்ன தெரிஞ்சு போயிரும்?"

தமயந்தி பொழியில் ஏறினாள். மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவளுடைய மரங்களைப் பார்க்காமல், அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"உங்குளுக்குப் புடிக்கலைன்னா மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தா, ஒடம்பு நோவுன்னு உள்ள போயிப் படுத்துக்கறீங்க. மவன் போன் பண்ணலைன்னு நாலு பேரு கேக்க வையறீங்க. ஆரும் உங்களை ஒண்ணும் சொல்றதில்ல, மயிலாத்தா அப்பிடித்தான்னு உட்டர்றாங்க. நான் இந்த ஊட்டுக்கு வந்து இருவத்திரண்டு வருசமாச் சிரிச்சுட்டே இருக்கறேன். போத்தை நீங்க மாத்தி வெச்சப்பவும் சிரிச்சேன். அன்னைக்கு எனக்குக் காறித் துப்போணும்னு இருந்துச்சு. உங்க மவன் போனை அரமணி நேரம் காதுல வெச்சுட்டு, அடுப்புல தீயறதைப் பாத்துட்டே சிரிக்கறேன். தாடை வலிக்குதுங்கக்கா. மூணு மாசமா ஊரே உங்களக் கூட்டிட்டுப் போயி, நாற்காலி போட்டு உக்கார வெச்சு, எரிங்கன்னு கெஞ்சுது. வெளிப்படையா எரியறீங்க. எனக்கு அப்பிடி ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, குடுத்து வெக்கலியே."

அவள் பேசப் பேசவே தொடங்கிவிட்டது. மயிலாத்தாளின் முதுகுக்குப் பின்னால் மழை விழுவது போன்ற ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், பதினாலு நோஞ்சான் மரங்களிலும் கணு கணுவாகப் பட்டை வெடித்துத் தழை வந்துகொண்டிருந்தது. கையகலம், பிறகு முறத்தகலம், கிளை தாங்காமல் வளைந்து மண்ணைத் தொட்டது. மூன்று மாதத்தில் அறுபது காட்டில் அவள் எரிந்து வரவழைத்த எந்தத் தழையும் இந்த நிறத்தில் இல்லை, இந்த அகலத்தில் இல்லை. இருபத்திரண்டு வருசம் மூடி வைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்தால் எப்படி வருமோ அப்படி வந்தது. பட்டியில் இருந்த ஆடுகள் படலை முட்டிக்கொண்டு கத்தின. நாச்சிமுத்து படலைத் திறந்துவிட்டார். ஆறு ஆடும் ஓடி வந்து, ஒரு தும்மல் இல்லாமல், முகரக்கூட நேரமில்லாமல் தின்றன. ஏழாவதை அவர் தூக்கிக்கொண்டு வந்து கிளைக்குக் கீழே நிறுத்தினார். அது முதலில் ஒரு இலையை நக்கியது, பிறகு கடித்தது.

மயிலாத்தாளுக்குக் கண் நிறைந்தது. ஊர் கூடித் தேடியும் கிடைக்காதது தன்னிடத்தில் இருந்திருக்கிறது, அதையும் இவள், இந்தத் தமயந்தி, இத்தனை வருசம் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். அந்த நிறைவு ஒரு ஆடு வாய் நிறைய மென்று விழுங்குகிற நேரம் இருந்தது. அதற்கப்புறம் அவள் அந்த முறத்தகலத் தழையை இன்னொரு தடவை பார்த்தாள். ஊருக்கே எரிந்தவள் நான், என் வாழ்நாள் எரிச்சலைச் சேர்த்து வைத்தாலும் இப்படி ஒரு இலை வந்ததில்லை, ஒரு காலை நேரத்தில் இவள் என்னை மிஞ்சிவிட்டாளே என்று தோன்றியது. ஈரக்குலையில் பழைய இடத்தில், பழைய மாதிரியே, பற்றிக்கொண்டது.

பொழிக்கு அந்தப் பக்கம், காலையில்தான் ஒட்ட அறுத்துவிட்டிருந்த தமயந்தியின் மரங்களில் பச்சை புள்ளி வைத்தது. அவளுடைய ஆடுகள் தலையைத் தூக்கின.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தமயந்தி சிரிக்கப் போனாள். உதடு பாதி விரிந்து, அங்கேயே நின்றது. பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பொழியை விட்டு இறங்கி, அரிவாளை எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். மயிலாத்தாள் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தமயந்திக்கு அதுவும் முதல் தடவையிலேயே நன்றாக வந்தது.